எதிரிவீர சரச்சந்திரவின் அரங்க வாழ்வும் தமிழ்க் கூத்து மரபும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் சிங்கள அரங்கை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் எதிரிவீர சரச்சந்திர (1914–1996). சிங்களப் பண்பாட்டின் அடையாளமாகப் போற்றப்படும் அவருடைய நாடகங்கள், தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த வடிவத்தின்மீது எழுந்தவை. அவருடைய வாழ்வை இந்த உறவின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

காலிக்கு அருகிலுள்ள தொடந்துவையில் 1914 ஜூன் 3 அன்று பிறந்த இவரது இயற்பெயர் யூஸ்டஸ் ரெஜினால்ட் டி சில்வா. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாலி, சமஸ்கிருதம், சிங்களம் ஆகியவற்றைப் பயின்றார். 1939இல் சாந்திநிகேதன் சென்று இந்திய இசையும் மெய்யியலும் கற்றார். பின்னர்ப் பௌத்த உளவியலை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

நாடக வடிவத் தேடல்

தொடக்கத்தில் கோகோல் போன்றோரின் நாடகங்களைத் தழுவிப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். இயற்பண்பு சார்ந்த அந்த உரையாடல் நாடகம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே ஊர்ப்புறங்களில் எஞ்சியிருந்த கோலம், சொக்கரி, நாடகம் ஆகிய நிகழ்த்துகலைகளை ஆராய்ந்தார். இவற்றுள் ‘நாடகம்’ என்பது கத்தோலிக்கத் தமிழர் கூத்தின் வழியாக மேற்குக் கரையோரச் சிங்களரிடையே பரவியது. பெயரே தமிழ்த் தொடர்பைக் காட்டுகிறது. அதன் மத்தளம் சிங்களத்தில் ‘தமிழ்ப் பறை’ எனப் பொருள்படும் பெயராலும் வழங்குகிறது. பாத்திரங்களை அறிமுகப்படுத்தும் ‘பொத்தே குரு’, கூத்தின் அண்ணாவியாரை நினைவூட்டுகிறார். இத்தொடர்பைச் சரச்சந்திர மறைக்கவில்லை. தம் ஆய்வுநூலிலேயே பதிவுசெய்தார்.

1955இல் ஜப்பான் சென்று நோ, கபுகி அரங்குகளைக் கண்டார். பழைய நிகழ்த்துமுறையை இக்காலச் சுவைஞருக்கு ஏற்பச் செறிவாக்க முடியும் என்னும் தெளிவு அங்கு வலுப்பெற்றது.

‘மனமே’யும் 1956உம்

நாடு திரும்பியதும் பலப்பிட்டியைச் சேர்ந்த நாடக ஆசான் சார்லஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணையுடன் ‘மனமே’ நாடகத்தை உருவாக்கினார். இங்கு ‘மனமே’ என்பது இளவரசனின் பெயர். பல இரவுகள் நீண்ட பழைய நாடகம் ஒரே மாலையில் அடங்கியது. 1956 நவம்பர் 3 அன்று கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது.

சாதகக் கதையில் இளவரசி கணவனுக்கு இரண்டகம் செய்தவள். சரச்சந்திரவின் இளவரசியோ, தனித்து நின்று போரிட்ட வேடர் தலைவனுக்காக இரங்குபவள். அவள் தயங்கும் கணத்தில் வாள் கைமாறி, கணவன் மடிகிறான். பழியைத் தீர்ப்பாக வழங்காமல் வினாவாக விட்டதே ஆசிரியரின் பெரும் மாற்றம்.

அதே ஆண்டின் நடுப்பகுதியில்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. சட்டம் இரு மொழியினரையும் பிரித்த ஆண்டில், சிங்களத் தேசிய அரங்கின் முதற்படைப்பு தமிழ்க் கூத்தின் வழிவந்த வடிவத்தில் அமைந்தது.

எதிரொலி

‘மனமே’யின் வெற்றி பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் அறிஞர் சு. வித்தியானந்தனுக்கு உந்துதலாயிற்று. மட்டக்களப்புக் கூத்தைச் செம்மைப்படுத்தி ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை 1960களில் அவர் மேடையேற்றினார். கூத்திலிருந்து சிங்கள அரங்கு பெற்றது, இவ்வாறு தமிழ் அரங்குக்கே தூண்டுகோலாகத் திரும்பியது.

பிற்காலம்

1961இல் ‘சிங்கபாகு’, 1969இல் ‘பேமதோ ஜாயதீ சோகோ’ ஆகியன வெளிவந்தன. 1970களில் பிரான்சு நாட்டுக்கான தூதராகப் பணியாற்றினார். 1982இல் வெளியிட்ட ‘தர்மிஷ்ட சமாஜய’ என்னும் நூலில் சமூகச் சீர்கேட்டைச் சாடினார். பொதுக் கூட்டமொன்றில் தாக்குதலுக்கும் உள்ளானார். 1988இல் மகசேசே விருது பெற்ற அவர், 1996 ஆகஸ்டு 16 அன்று மறைந்தார்.

முடிவுரை

தன் மரபு எது எனத் தேடிய சரச்சந்திர, அத்தேடலின் முடிவில் அண்டை மொழியின் கொடையைக் கண்டார், கண்டதை ஒப்புக்கொண்டார். தமிழ்க் கூத்து வரலாறு தமிழ் மேடையோடு முடிந்துவிடுவதில்லை. சிங்கள நாடக மரபையும் உள்ளடக்கி எழுதப்படும்போதே அது முழுமை பெறும் என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகிறது.