உயிர்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ்

உங்கள் வளவில் நிற்கும் மரத்தை நீங்கள் பனை என்கிறீர்கள். சிங்கள அயலவர் அதைத் தல் என்பார். ஆங்கிலம் பேசுபவர் பல்மைறா என்பார். ஆனால் உலகின் எந்த மூலையிலுள்ள தாவரவியலாளருக்கும் நீங்கள் அதைப்பற்றி எழுதுவதானால், 'பொறாசஸ் பிளபெல்லிபர்' என்னும் இரண்டு சொற்களே போதும். 1753இல் அப்பெயரைச் சூட்டியவர், நம் நாட்டில் ஒருபோதும் கால் வைக்காத சுவீடன் தேசத்து விஞ்ஞானி கார்ல் லின்னேயஸ்.

லின்னேயஸ் 1707 மே 23ஆம் நாள் தென் சுவீடனில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் நில்ஸ், லூத்தரன் சபைப் போதகர், பூந்தோட்டத்தில் பெருவிருப்புடையவர். குடும்பப் பெயரும் அவர்களுடைய காணியில் நின்ற 'லிண்ட்' என்ற மரத்திலிருந்தே வந்தது. மகனும் போதகராக வேண்டுமென்பது பெற்றோரின் ஆசை. பையனோ பாடங்களை விட்டுச் செடிகளைத் தேடி அலைந்தான். இவனைப் படிப்பிப்பது வீண், ஏதாவது கைத்தொழிலுக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர்கள் தந்தைக்கு ஆலோசனை கூறினர். அவ்வேளையில் றொத்மன் என்ற வைத்தியர் பையனின் திறமையைக் கண்டுகொண்டார். தம் வீட்டிலேயே தங்கவைத்து, வைத்தியமும் தாவரவியலும் கற்பித்தார்.

1728இல் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது லின்னேயசின் கையில் பணமில்லை. கிழிந்த சப்பாத்துக்குள் கடதாசி வைத்து நடந்தார். தோட்டத்தில் செடிகளை ஆராய்ந்துகொண்டிருந்த அந்த ஏழை மாணவனைக் கண்ட இறையியல் பேராசிரியர் ஒலோவ் செல்சியஸ், தம் இல்லத்தில் இடமளித்தார். இப்படி இருவர் கைகொடுத்திராவிட்டால் அவர் பெயரை இன்று யார் அறிவார்?

அக்காலத்தில் செடிகளின் பெயர்கள் நீண்ட இலத்தீன் வசனங்களாக இருந்தன. தண்டில் முள் இல்லை, இலை பிளவுபட்டது என்று அடையாளங்களையெல்லாம் அடுக்கிக்கொண்டே போவார்கள். லின்னேயஸ் அதனை இரண்டு சொற்களாகச் சுருக்கினார். முதற்சொல் 'சாதி'யின் பெயர். நெருங்கிய உறவுடைய உயிர்களுக்குப் பொதுவானது. இரண்டாம் சொல் தனி இனத்தைச் சுட்டுவது. தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும். சாதிகளை வருணங்களாகவும், வருணங்களை வகுப்புகளாகவும் ஒழுங்குபடுத்தினார். 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் அவர் வெளியிட்ட நூல்களே இன்றும் விஞ்ஞானப் பெயரிடலின் தொடக்கம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கையிலிருந்த போல் ஹேர்மன், இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேகரித்தார். அவர் இறந்தபின் பல்லாண்டுகள் மறைந்து கிடந்த அத்தொகுதி, கொப்பன்ஹேகனில் வாழ்ந்த மருந்து வணிகர் ஒருவர் மூலம் லின்னேயசின் கைக்கு வந்தது. அதை ஆராய்ந்து 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். நமது தேசிய மரமாகிய நாகமரத்துக்கு 'மெசுவா பெரேயா' என்று பெயரிட்டவரும் அவரே. மெசுவே என்பவர் பழங்கால பக்தாத்தில் வாழ்ந்த கிறிஸ்தவ வைத்தியர்.

அவர் தவறே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். மகரந்தக் கேசரங்களை எண்ணிப் பூக்களை வகுத்த அவருடைய முறை பிற்காலத்தில் கைவிடப்பட்டது. அதைவிடப் பெரிய தவறொன்றும் உண்டு. மனிதரை அவர் கண்டம்வாரியாக, நிறம்வாரியாக நான்காகப் பிரித்தார். பின்னர் ஐரோப்பியருக்கு நல்ல குணங்களையும் ஆபிரிக்கருக்கு இழிவான குணங்களையும் எழுதிவைத்தார். செடிகளைக் கண்ணால் பார்த்து, தொட்டு ஆராய்ந்தவர், மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டதை நம்பினார். இன்றைய விஞ்ஞானம் அதை ஏற்கவில்லை. ஆனால் அத்தகைய எழுத்துகளால் விளைந்த தீங்கு பெரிது.

1774இல் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. நினைவு மங்கியது. தம் நூல்களையே வாசித்து வியந்தபோதும், எழுதியவர் தாமே என்பதை அறியாதிருந்தார். 1778 சனவரி 10ஆம் நாள் காலமாகி, உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேலியோரத்தில் பூவையும் பூச்சியையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். உதவாதவன் என்று அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள். அருகே சென்று, என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள்.