காஞ்சிபுரத்தில் குதித்தால் பசிபிக் கடலில் எழலாமா? சந்திரசேகர் கடைசிவரை விடாத கணக்கு

பெரிய காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில், பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது. அந்த ஊர் மண்ணில் ஒரு குழி தோண்ட ஆரம்பித்து, பூமியின் நடுவழியாக நிறுத்தாமல் தோண்டிக்கொண்டே போனால் எங்கே வெளியே வருவோம்? மேப்பைப் பார்த்தால், பெரு நாட்டுக்கு மேற்கே சுமார் 2,500 கி.மீ. தள்ளி, பசிபிக் பெருங்கடலில். சரி, அந்தக் குழிக்குள் ஒருத்தர் குதித்தால் என்ன ஆகும்?

ரீல்ஸில் அடிக்கடி வரும் கேள்விதான். ஆனால் விடைக்கான சாவி 1687-ல் வெளியான நியூட்டனின் 'பிரின்சிபியா' நூலிலேயே இருக்கிறது. அந்தச் சாவியை 19 வயதில் நட்சத்திரங்களைத் திறக்கப் பயன்படுத்தி, 80 வயதைத் தாண்டியபின் அதையே திரும்ப எடுத்துப் பார்த்தவர், சென்னையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

முதலில் குழியைப் பார்த்துவிடுவோம்.

42 நிமிட ஊஞ்சல்

பூமியை ஒரு வெங்காயம்னு வெச்சுக்கலாம். நீங்கள் உள்ளே போகப் போக, உங்களைத் தாண்டி வெளியே இருக்கும் தோல்களின் இழுவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். காலுக்குக் கீழே மிச்சம் இருக்கும் உருண்டை மட்டும்தான் இழுக்கும். மையத்துக்குப் பாதி தூரம் போய்விட்டால், அந்த உருண்டையின் நிறை எட்டில் ஒரு பங்கு. தூரம் பாதியானதால் இழுவை நான்கு மடங்கு கூடும். கூட்டிக் கழித்தால், தரையில் இருந்த ஈர்ப்பில் பாதி. மையத்தில் பூஜ்யம்.

ஆனால் அங்கே நிற்க மாட்டீர்கள். நொடிக்கு 7.9 கி.மீ. வேகத்தில் மையத்தைக் கடந்து, வேகம் குறைந்துகொண்டே போய், 42-வது நிமிடத்தில் மறுமுனையை எட்டுவீர்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் காஞ்சிபுரம். ஊஞ்சல்தான், வேறொன்றுமில்லை.

இது பூமி முழுக்க ஒரே அடர்த்தி, குழிக்குள் காற்றே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் உள்பகுதி அடர்த்தி அதிகம் என்பதால் 38 நிமிடமே போதும். மையத்தில் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்பது தனிக் கதை. பூமி சுழல்வதால், காஞ்சிபுரத்தில் குதித்தவர் கிழக்குச் சுவரில் மோதிவிடுவார். மோதாமல் விழ துருவத்துக்குத் துருவம் தோண்ட வேண்டும். மனிதர்கள் தோண்டியதில் மிக ஆழமான துளைகளில் ஒன்றான ரஷ்யாவின் கோலா துளையே 12.26 கி.மீ.தான். மையமோ 6,371 கி.மீ. கீழே!

காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு உராய்வே இல்லாத நேர்கோட்டுச் சுரங்கம் போட்டாலும், இன்ஜின் இல்லாத ரயில் அதே 42 நிமிடத்தில் போய்ச் சேரும். ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்கில் நின்றவர்களுக்குத் தெரியும், இது நல்ல டீல்.

கப்பலில் போட்ட கணக்கு

சந்திரசேகர் 1910-ல் லாகூரில் பிறந்தார். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, சித்தப்பா சி.வி. ராமன். அம்மா சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. 1930-ல் கேம்பிரிட்ஜ் போக உதவித்தொகை கிடைத்தபோது அம்மா கடுமையான நோயில் இருந்தார். போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவரும் அவர்தான். அடுத்த ஆண்டே இறந்துபோனார். மகன் அப்போது இங்கிலாந்தில்.

1930 ஜூலை 31-ல் பம்பாயில் கப்பல் ஏறிய 19 வயது சந்திரசேகர், பயணத்தில் ஒரு கணக்கைப் போட்டார். அதன் அடியில் இருந்தது நம்ம வெங்காயம்தான். நட்சத்திரத்துக்குள் எந்த ஆழத்திலும், அதற்கு உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே இழுக்கிறது. அந்த இழுவையை ஏதோ ஒரு அழுத்தம் தாங்கிப் பிடிக்க வேண்டும். எரிந்து முடிந்த வெண்குறு விண்மீனில் அதைச் செய்வது எலக்ட்ரான்கள். நட்சத்திரம் கனமாக ஆக, எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்தாக வேண்டும். சேர்த்துப் பார்த்தால், ஓர் அளவுக்கு மேல் அழுத்தம் தோற்றுவிடுகிறது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் 'சந்திரசேகர் எல்லை' இதுதான்.

1935 ஜனவரி 11, லண்டன். ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கி முடித்தார். அடுத்துப் பேசிய ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் சூப்பர் ஸ்டார், கணக்கைக் கிண்டலடித்தார். அரங்கம் சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது 24 வயது. கணக்கு சரி என்று தனியாக ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளியே வாய் திறக்கவில்லை. எனக்கு எடிங்டனின் கிண்டலைவிட இந்த மௌனம்தான் உறுத்துகிறது.

அவர் சண்டை போடவில்லை. 1937-ல் அமெரிக்கா போனார். 1939-ல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி மூடிவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டனோடு நட்பும் முறியவில்லை. அதன்பின் அதுவே வழக்கமானது: ஒரு துறையில் பல ஆண்டுகள், முடிவில் ஒரு கனமான புத்தகம், பிறகு புதிய துறை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

திரும்பவும் நியூட்டன்

கடைசியாக அவர் எடுத்தது 'பிரின்சிபியா'வை. படித்த முறைதான் அசத்தல். தேற்றத்தை மட்டும் வாசிப்பார். புத்தகத்தைப் பார்க்காமல், இன்றைய கணிதத்தில் தானே நிரூபிப்பார். அப்புறம்தான் நியூட்டனின் நிரூபணத்துக்குப் போவார். உள்ளீடற்ற கோளத்துக்குள் ஈர்ப்பே இருக்காது, திடக் கோளத்துக்குள் மையத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து ஈர்ப்பு மாறும் என்ற, நம் குழிக்கான அந்த இரண்டு தேற்றங்களும் அதில் உண்டு. வெறும் கோடுகளையும் வட்டங்களையும் வைத்து நியூட்டன் சில வரிகளில் முடிப்பதைப் பார்த்து அவர் வியந்துபோனார்.

நியூட்டன் பற்றிய மற்ற ஆய்வுகளை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் குறைபட்டார்கள். அது உண்மையும்கூட. வேறு யார் என்ன எழுதினார்கள் என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. நியூட்டனோடு நேருக்கு நேர் உட்காரத்தான் ஆசை. அந்தப் புத்தகம் 1995-ல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21-ல், 84 வயதில், சிகாகோவில் இறந்தார்.