கம்பூட்டுக்குப் பெயர் கொடுத்த தளபதி: யார் இந்த வெல்லிங்டன்? மழைக்கால பூட்ஸ் வாங்கும்போது அவர் கதை எதற்கு?

மழைக்காலம் தொடங்கினால் ஹார்டுவேர் கடை வாசலில் ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கருப்பு ரப்பர் பூட்ஸைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். நம்ம ஊரில் அதற்குப் பெயர் கம்பூட். பிரிட்டனில் வெல்லிங்டன் பூட்ஸ், செல்லமாக வெல்லி. தேயிலைத் தோட்டம், மாட்டுப் பண்ணை, மீன் மார்க்கெட், கான்கிரீட் போடும் இடம், மாநகராட்சியின் மழைநீர் வடிகால் என்று சேறும் ஈரமும் இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும்.

பெயர் ஒரு மனிதருடையது. வெல்லிங்டன் பிரபு ஆர்தர் வெல்லெஸ்லி. வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் போட்டது ரப்பர் பூட்ஸ் அல்ல, கன்றுத்தோல் பூட்ஸ். அது எப்படி ரப்பராக மாறியது, அதற்கும் சென்னைக் கோட்டைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்த்துவிட்டால், கடையில் எந்த ஜோடியை எடுப்பது என்பதும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

எதற்கும் லாயக்கில்லாத பையன்

ஆர்தர் 1769-ல் அயர்லாந்தில், டப்ளினில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா இசைப் பேராசிரியர், சீக்கிரமே இறந்துவிட்டார். ஈட்டன் பள்ளியில் படிப்பு ஓடவில்லை. வயலின் நன்றாக வாசிப்பார், மற்றபடி எதிலும் ஒட்டவில்லை. பட்டாளத்துக்குத்தான் இவன் சரிப்படுவான் என்று அம்மாவே கைகழுவிய பிள்ளை.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். அண்ணன் ரிச்சர்டின் பண உதவியோடு படிகளை வாங்கி வாங்கி ஏறி, 1793-ல் 24 வயதிலேயே 33-வது ரெஜிமென்ட்டின் லெப்டினன்ட் கர்னல் ஆகிவிட்டார். காதலித்த பெண்ணின் வீட்டில் மறுத்ததும், வயலினை எரித்துவிட்டு வாசிப்பையே விட்டார் என்பார்கள்.

முதல் பாடம் கிடைத்தது தோல்வியில்தான். 1794-95 குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படையிடம் தோற்று, நெதர்லாந்து வழியாக ஜெர்மனிப் பக்கம் பின்வாங்கியது பிரிட்டிஷ் படை. சாப்பாடு வரவில்லை, உடை கிழிந்தது, காலணி தேய்ந்தது. குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் நோயிலும் போனவர்கள் அதிகம். ஒரு படை எப்படி நடத்தப்படக் கூடாது என்பதை அங்கே கற்றதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லிக்கொள்வார்.

சென்னைக் கோட்டையும் ஒரு இருட்டு ராத்திரியும்

1797-ல் கல்கத்தா வந்து இறங்கினார். மறு ஆண்டு அண்ணன் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரலாக வந்து சேர, தம்பிக்கு வாய்ப்புகள் தானாகத் திறந்தன. 1798-ல் தன் ரெஜிமென்ட்டோடு சென்னைக்கு வந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் அவர் பெயரைத் தாங்கிய வெல்லெஸ்லி ஹவுஸ் என்ற கட்டடம் உண்டு. சென்னையில் அவர் முழு நேரமும் பார்த்த வேலை என்ன தெரியுமா? வாள் வீச்சு இல்லை. அரிசி மூட்டை, வண்டி மாடு, மாட்டுக்குத் தீவனம், சாராயப் பீப்பாய்க் கணக்கு! திப்பு சுல்தானுக்கு எதிரான படையெடுப்புக்கு வேண்டியதையெல்லாம் திரட்டும் வேலை அது. கேட்பதற்குச் சுவாரசியமில்லாத இந்த வேலைதான் அவரைத் தளபதியாக்கியது என்று நினைக்கிறேன்.

1799 ஏப்ரலில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே சுல்தான்பேட்டை தோப்பு என்ற இடத்தை இரவில் பிடிக்கச் சொல்லி உத்தரவு. பகலில் போய் இடத்தைப் பார்க்கவில்லை. கும்மிருட்டு, மரங்கள், குறுக்கே வாய்க்கால். படை சிதறியது. அவருக்கே முழங்காலில் அடி. பிடிபட்ட வீரர்கள் பிறகு கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை வெளிச்சத்தில் அதே தோப்பைச் சுலபமாகப் பிடித்தார். தரையைக் கண்ணால் பார்க்காமல் இனி காலை வைப்பதில்லை என்று அன்று முடிவு செய்தார், கடைசிவரை மாற்றவில்லை.

மே 4-ல் கோட்டை விழுந்தது, திப்பு போரிட்டு மடிந்தார். கோட்டைமீது ஏறித் தாக்குதலை நடத்தியவர் டேவிட் பெயர்ட். திப்புவின் அப்பா ஹைதர் அலியின் காலத்தில் பிடிபட்டு அங்கே மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்தவர். ஆனால் நகரத்தின் பொறுப்பு கிடைத்தது ஆர்தருக்கு. பெயர்ட் கொதித்துப்போனார். அண்ணன் கவர்னர் ஜெனரல் என்பது இதில் எவ்வளவு வேலை செய்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

செருப்புக் கால்களோடு ஜெயித்த போர்

1803 செப்டம்பர் 23. இன்றைய மகாராஷ்டிராவில் அசாயே என்ற கிராமம். சிந்தியா, போன்ஸ்லே இருவரின் மராத்தியப் படை எதிரே நிற்கிறது. வெல்லெஸ்லியிடம் ஏறக்குறைய 7,000 பேர். எதிரில் அதைப்போலப் பல மடங்கு, கூடவே நூறு பீரங்கிக்கு மேல். நடுவில் கைத்னா ஆறு. ஆற்றில் இறங்கிக் கடக்கத் துறையே இல்லை என்று வழிகாட்டிகள் கையை விரித்தார்கள். இக்கரையில் ஒரு கிராமம், நேர் எதிரே அக்கரையில் ஒரு கிராமம் இருப்பதைக் கவனித்தார் வெல்லெஸ்லி. இரண்டு ஊர் இப்படிப் பக்கத்தில் இருந்தால் ஜனங்கள் போய்வர வழி இல்லாமலா இருக்கும்? அந்த யூகம் சரியாக இருந்தது. படை ஆற்றைக் கடந்தது.

வெற்றிக்குக் கொடுத்த விலை 1,500-க்கும் மேற்பட்டோர் சாவும் காயமும். பிற்காலத்தில் கேட்டபோது வாட்டர்லூவை அல்ல, அசாயேயைத்தான் தன் சிறந்த போர் என்றார். அங்கே ஸ்காட்லாந்து வீரர்களோடு தோளோடு தோள் நின்றது மதராஸ் சிப்பாய்கள். அந்தக் காலச் சிப்பாய்க்கு பூட்ஸ் கிடையாது, திறந்த செருப்புதான். அதோடு நாள் முழுக்க நடந்து, ஆற்றில் இறங்கி ஏறிப் போரிட்டார்கள். இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் சின்னத்தில் இருக்கிற யானை அசாயே போருக்காகக் கிடைத்தது. அந்த ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் எங்கே இருக்கிறது? குன்னூருக்குப் பக்கத்தில், வெல்லிங்டன் என்றே பெயர் வைத்த ஊரில். பிரபு நீலகிரியைப் பார்த்ததில்லை. அவர் 1805-ல் இந்தியாவை விட்டுப் போனபோது ஆங்கிலேயர் அங்கே குடியேறவே இல்லை.

போகும்போது கையில் சுமார் 42,000 பவுண்டு இருந்தது. நமக்கு அவர் நாயகன் அல்ல. மைசூரையும் மராத்தியரையும் கம்பெனியின் காலடியில் கொண்டுவந்து போட்டவர்களில் முக்கியமானவர். அதை மறக்காமல்தான் மீதிக் கதையைப் படிக்க வேண்டும்.

தலைக்கு மேல் போர், கவலையோ கெண்டைக்காலில்

1808 முதல் போர்ச்சுகல், ஸ்பெயின் மண்ணில் நெப்போலியனின் தளபதிகளோடு ஆறு ஆண்டுப் போர். இந்தியாவில் கற்ற மாட்டு வண்டிக் கணக்கு அங்கே கைகொடுத்தது. 1814-ல் பிரபுப் பட்டம் வந்தது. சிப்பாய்க்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு நல்ல ஜோடி காலணி, அடுத்து இன்னொரு ஜோடி, மூன்றாவதாக மாற்றித் தைக்க அடித்தோல் என்று அடுக்கினார் என ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, ஆளுக்குப் பொருத்தம்தான்.

அப்போது ராணுவ அதிகாரிகள் போட்டது ஹெஸ்ஸியன் பூட்ஸ். ஜெர்மனியிலிருந்து வந்த மாடல். முன்பக்கம் முழங்கால் வரை ஏறி, உச்சியில் ஒரு குஞ்சம் ஆடும். இறுக்கமான அரைக்கால் சட்டைக்கு அழகு. ஆனால் நீளக்கால் சட்டை ஃபேஷனுக்கு வந்ததும் குஞ்சம் துணிக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஹோபி என்ற பிரபல பூட்ஸ் தயாரிப்பாளர் இருந்தார். அவரிடம் வெல்லிங்டன் மாற்றம் கேட்டார்: குஞ்சத்தை எடு, தோலை மென்மையாக்கு, காலோடு ஒட்டித் தை, உயரத்தைக் குறை, குதிகால் தாழ்வாக இருக்கட்டும். குதிரையிலும் உட்காரலாம், மாலை விருந்துக்கும் போகலாம். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

1815 ஏப்ரலில், நெப்போலியன் எல்பா தீவிலிருந்து தப்பி வந்து ஐரோப்பாவே பதறிக்கொண்டிருந்த நேரத்தில், பிரஸ்ஸல்ஸிலிருந்து ஹோபிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அனுப்பிய பூட்ஸ் கெண்டைக்காலில் இன்னும் பிடிக்கிறது, உயரமும் ஒன்றரை அங்குலம் குறைவு, திருத்தி இரண்டு ஜோடி அனுப்பு என்று. இரண்டு மாதம் கழித்து, ஜூன் 18-ல் வாட்டர்லூ.

பிறகு அவர் வைத்ததுதான் ஃபேஷன். 1827-லேயே ஒரு பூட்ஸுக்குள்ளிருந்து அவர் தலை எட்டிப் பார்ப்பதுபோல் கேலிச்சித்திரம் வந்துவிட்டது. 1828-ல் பிரதமரானார், கத்தோலிக்கருக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தார், வாக்குரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்து வீட்டு ஜன்னலில் கல்லடி வாங்கினார். அரசியலில் பூட்ஸ் அளவுக்குத் தெளிவு இல்லை என்றே சொல்ல வேண்டும். 1852 செப்டம்பர் 14-ல் வால்மர் கோட்டையில் இறந்தார். அவர் போட்ட பூட்ஸ் ஒரு ஜோடியை அங்கே இப்போதும் வைத்திருக்கிறார்கள்.

தோல் எப்போது ரப்பர் ஆனது?

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று கண்டறிந்த அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் 1844-ல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையில் காலணி செய்யும் உரிமையைப் பெற்ற ஹைரம் ஹட்சின்சன் 1853-ல் பிரான்சில் தொழிற்சாலை தொடங்கினார். வெல்லிங்டன் இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மரக்கட்டைக் காலணியோடு ஈர வயலில் உழைத்த பிரெஞ்சு விவசாயிக்குக் கால் நனையாமல் வீடு திரும்ப முடிந்தது. 1856-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனி வந்தது.

அதைப் பெரிதாக்கியது முதல் உலகப் போர். பதுங்குகுழிகளில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வீரர்களின் கால் மரத்து, அழுகி, விரல்களை வெட்டும் நிலை. அந்த ஒரு கம்பெனி மட்டும் ராணுவத்துக்கு 11 லட்சத்து 85 ஆயிரம் ஜோடிக்கு மேல் செய்து கொடுத்தது. பிரபுக்களின் பூட்ஸ் சிப்பாயின் காலுக்கு வந்தது அப்போதுதான்.

சரி, நீங்கள் எதை வாங்குவது?

பிரஸ்ஸல்ஸ் கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் சைஸ் மட்டும் போதாது. கெண்டைக்காலும் உயரமும் சேர்ந்துதான் பொருத்தம். சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும், அப்போது கடைக்குப் போங்கள். வேலைக்குப் போடப்போகிற அதே தடிமன் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்விரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம், கெண்டைக்காலில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. நடக்கும்போது குதிகால் பூட்ஸைவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரு வாரத்தில் கொப்புளம் நிச்சயம். இன்னொன்று, உட்கார்ந்து எழுந்து பாருங்கள். நாற்று நடவோ தோட்ட வேலையோ குந்திச் செய்கிற வேலை நமக்கு அதிகம். பின்விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தினால் உயரம் குறைந்த ஜோடியை எடுங்கள்.

விலை குறைவானது பெரும்பாலும் பி.வி.சி. தினமும் கழுவிப் போட வசதி, ஆனால் குளிரில் விறைக்கும், கணுக்கால் மடிப்பில் முதலில் வெடிக்கும். இயற்கை ரப்பர் வளைந்து கொடுக்கும், நாள் முழுக்க நடக்கிறவருக்கு அதுதான் சுகம். எடை கூட. வெயிலும் பெட்ரோல், டீசல், ஆயிலும் அதற்கு ஆகாது. மெக்கானிக் ஷெட்டுக்கு வேண்டுமென்றால் எண்ணெய் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். சேற்றுக்கு ஆழமான பள்ளம் வைத்த அடிப்பகுதி, ஈர டைல்ஸ் தரைக்கு நெருக்கமான சிறு கோடுகள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண கம்பூட் போட்டுவிட்டு மின்கம்பி அறுந்து கிடக்கிற தண்ணீரில் இறங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு அது பாதுகாப்பில்லை.

மொத்தமாக வாங்குகிற பொறுப்பில் இருக்கிறவரா நீங்கள்? ஒரே சைஸில் நூறு ஜோடி எடுத்துத் துப்புரவுப் பணியாளர்களுக்குக் கொடுத்தால் பாதிப் பேர் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். அதைப் பார்த்து, கொடுத்தாலும் போடுவதில்லை என்று குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. கண்ணாடிச் சில்லும் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கிற தண்ணீர் அது. வயலிலோ வரப்பிலோ என்றால் பாம்பு. பெண் பணியாளர்களுக்குச் சின்ன சைஸ் கிடைக்காது என்று கைவிரிக்காமல் ஆளாளுக்கு அளவெடுத்து ஆர்டர் கொடுங்கள். பிரபுவுக்கு எழுதித் திருப்பி அனுப்ப ஒரு ஹோபி இருந்தார், வடிகாலில் இறங்குகிறவருக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

வாங்கிய பிறகு வேலை ரொம்ப இல்லை. மண்ணைக் கழுவி, உள் அட்டையை எடுத்துத் தனியாகக் காயவைத்து, பூட்ஸைத் தலைகீழாக நிழலில் நிறுத்துங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வேண்டாம். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம், உள்துணி முழுக்கக் காய நேரம் கிடைக்கும். காலையில் காலை விடுமுன் ஒருமுறை கவிழ்த்துத் தட்டுங்கள். தேளுக்கும் பூரானுக்கும் அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும்.