சீதபேதின்னு நினைச்சாங்க: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கதை

ஆரம்ப சுகாதார நிலையத்துல மகப்பேறு உதவித்தொகை வாங்கின குடும்பங்கள் நம்ம அவிநாசிபாளையம் பக்கம் நிறைய உண்டு. அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பேர்தான் வெச்சிருக்காங்க. அவரோட வாழ்க்கையையே திருப்பிப் போட்டது, ஒரு நோயைத் தப்பாகக் கணித்த சம்பவம்.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பையன்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில், பலத்த எதிர்ப்புக்கு நடுவே சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் ஆனார்.

அவருடைய தங்கைக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். அது தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923-ல் தங்கை இறந்தார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வலி அவரை விடவே இல்லை. 1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் போனார். திரும்பி வந்து சென்னை மாகாண சட்டமன்றத்தில் உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் இருந்தார். தேவதாசி முறை ஒழிப்பு, ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் என்று எத்தனையோ வேலைகள். அதற்கு நடுவிலும் புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குணமாகாத நோய்க்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு பலர் நினைத்த காலம் அது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. தங்கை இறந்து 31 வருஷம் ஆகியிருந்தது! 1968-ல் அவர் மறைந்தார்.

சாதாரண வயிற்றுக் கோளாறு மாதிரி வந்து ஏமாற்றும் நோய்கள் இன்னைக்கும் இருக்கு. அதில் ஒண்ணு நியூரோ எண்டோகிரைன் கட்டி. இது வேறு வகைப் புற்றுநோய். நடிகர் இர்ஃபான் கான் 2018-ல் தனக்கு வந்திருக்குன்னு சொன்னப்பதான் நம்மில் பலர் இந்தப் பேரையே கேட்டோம். குடல், கணையம், நுரையீரலில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கு. அதில் உருவாகிற கட்டி இது. பெரும்பாலும் மெதுவா வளரும். சில கட்டிகள் ஹார்மோனை அளவுக்கு மீறிக் கொட்டும். அப்போ முகம் திடீர்னு சிவந்து சூடாகும், தண்ணியா வயித்தால போகும், மூச்சு இழுக்கும். கணையத்துல இன்சுலின் சுரக்கிற கட்டின்னா சர்க்கரை இறங்கி வேர்த்து, மயக்கம் வரும். அதனால அல்சர், ஆஸ்துமான்னு நினைச்சு வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவங்களும் உண்டு.

இந்த அறிகுறி வந்தாலே புற்றுநோய்னு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் சின்னதாத்தான் இருக்கும். ஆனா பனியன் கம்பெனியில நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு, லீவு போட்டா சம்பளம் போயிடும்னு மெடிக்கல்ல மாத்திரை வாங்கியே நாளைக் கடத்துறவங்க நம்ம வீட்லயே இருப்பாங்க. வாரக்கணக்கில் வயித்தால போனாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எத்தனை நாளா இருக்கு, எப்பெல்லாம் வருதுன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க. டாக்டர் சரியா கணிக்க அது ரொம்ப உதவும்.