சங்கரதாஸ் சுவாமிகள்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (செப்டம்பர் 7, 1867 - நவம்பர் 13, 1922) தமிழ் நாடக ஆசிரியரும் பாடலாசிரியரும் ஆவார். தமிழ் இசை நாடகத்துக்கு நிலையான உரையாடலும் பாடலும் அமைத்துத் தந்தமையால் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படுகிறார். இவருடைய பிறந்த நாளையும் நினைவு நாளையும் நாடகக் கலைஞர்கள் தம் ஆசானுக்குரிய நாட்களாகக் கொண்டாடி வருகின்றனர்.

இளமை

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரத் தேவர், பேச்சியம்மாள் ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் இராமாயணப் புலமை மிக்கவராதலால் முதற்கல்வி அவரிடமே அமைந்தது. பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பா, கலித்துறை, வண்ணம், சந்தம் ஆகியவற்றை விரைந்து பாடும் ஆற்றல் இளமையிலேயே கைவந்தது. சிறிது காலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றினார்.

நாடக வாழ்வு

தம் 24ஆம் வயதில் பணியை விட்டு நாடகத் துறையில் நுழைந்தார். தொடக்கத்தில் நடிகராக இருந்து இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் முதலிய வேடங்களைத் தாங்கினார். இவரது கொடிய வேடத்தைக் கண்டு அஞ்சிய கருவுற்ற பெண்ணுக்குக் கரு சிதைந்ததாகவும், அதனால் மனம் நொந்து நடிப்பைக் கைவிட்டதாகவும் இவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அதன்பின் ஆசிரியராக இருந்து நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் ஈடுபட்டார். இடையில் துறவு மனப்பான்மை மேலிட, தலயாத்திரை சென்றார். சுவாமிகள் என்னும் பெயர் இதனால் வந்தது. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையுடன் தங்கியிருந்தபோது தாள நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்தார்.

பாலர் நாடக சபைகள்

அக்காலத்தில் நடிகர் பலர் எழுதிக் கொடுத்த உரையாடலை விட்டு, மேடையில் தம் விருப்பப்படி பேசியும் பாடியும் வந்தனர். ஒழுங்குக் குறைவும் மிகுந்திருந்தது. இதற்கு மாற்றாகச் சிறுவர்களைத் தொடக்கத்திலிருந்தே பயிற்றுவிக்கும் முறையைச் சுவாமிகள் மேற்கொண்டார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். எஸ். ஜி. கிட்டப்பா இளமையில் இவரிடம் பயின்றார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப்பட்டது. டி. கே. எஸ். சகோதரர்கள் இதில் சேர்ந்தே நாடகம் கற்றனர். சிறுவன் டி. கே. சண்முகம் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார்.

நாடகங்களும் இசையும்

சுவாமிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றியதாகக் கூறப்படினும், இன்று கிடைப்பவை சிலவே. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

- வள்ளி திருமணம்
- பவளக்கொடி
- கோவலன் சரித்திரம்
- சத்தியவான் சாவித்திரி
- அல்லி அர்ச்சுனா
- சுலோசனா சதி
- இலவகுசா
- பிரகலாதன்

கற்றோருக்குரிய யாப்பு வடிவங்களையும், மக்களிடையே வழங்கிய சிந்து முதலிய மெட்டுகளையும் ஒரே நாடகத்தில் இணைத்தமை இவருடைய தனிச்சிறப்பு. வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே நிகழும் தருக்கம், கேட்போர் விடியும் வரை காத்திருந்து சுவைக்கும் பகுதியாகும்.

இந்நாடகங்கள் கலைஞர் அனைவருக்கும் பொதுவான பாடமாக அமைந்தன. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் முறையில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அழைக்கப்படும் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக் கலைஞர் ஆகியோர் ஒத்திகையின்றியே இரவு முழுதும் நடிக்கின்றனர். அனைவரும் ஒரே பாடத்தை அறிந்திருப்பதே இதற்குக் காரணம். அதே வேளையில் புதியன சேர்க்கவும் இடமிருந்தது. விடுதலைப் போராட்டக் காலத்தில் எஸ். எஸ். விசுவநாத தாஸ் வள்ளி திருமணத்தில் முருகனாக நடித்துக்கொண்டே தேசியப் பாடல்களைப் பாடினார். 1940இல் அவ்வேடத்திலேயே மேடையில் உயிர் நீத்தார்.

இறுதிக் காலம்

இறுதி ஆண்டுகளில் பக்கவாத நோயால் சுவாமிகள் பேச்சிழந்தார். பல்லாயிரம் பாடல்களைப் பாடிய நா அடங்கிய பின்னும் தம் சபையை விட்டு நீங்கவில்லை. சபை புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது 1922 நவம்பர் 13 அன்று காலமானார். அவ்வூரின் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நினைவு

டி. கே. சண்முகம் இவர் வரலாற்றை நூலாக எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும், சென்னையில் தென்னிந்திய நடிகர் சங்கத்தின் கலையரங்கமும் இவர் பெயரைத் தாங்கின. மதுரையில் இவருக்குச் சிலை உள்ளது. தென் மாவட்ட நாடகக் கலைஞர்கள் இவருடைய படத்துக்கு மாலையிட்டு, இவர் இயற்றிய பாடல்களைப் பாடி விழா எடுக்கின்றனர். இவரை நேரில் கண்டவர் எவரும் இன்று இல்லை. எனினும் கோயில் திருவிழா மேடைகளில் இவருடைய பாடத்தை நம்பியே பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆதலால் கலைஞர்களுக்கு இவ்விழா குருவுக்குச் செலுத்தும் நன்றிக்கடனாக விளங்குகிறது.