லின்னேயசு திரைப்

லின்னேயசு திரைப் (ஏப்ரல் 14, 1822 - மார்ச் 2, 1902) ஓர் ஆங்கிலேயப் படை அலுவலரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். தமிழகக் கோயில்களை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்தவர்களுள் ஒருவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நீண்ட தொடர்ப்படம் இவரது குறிப்பிடத்தக்க ஆக்கமாகும்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றினார். 1855 இல் பர்மா சென்ற தூதுக்குழுவின் ஒளிப்படக் கலைஞராகவும், 1856 இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகவும் அமர்த்தப்பட்டார். பின்னர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமெடுத்தார். இதற்கு மெழுகு பூசிய தாள் எதிர்ப்படங்களைப் பயன்படுத்தினார்.

தஞ்சைத் தொடர்ப்படம்

பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றை ஒரே படத்தில் அடக்க இயலாது. எனவே 1858 இல் திரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கணினி இல்லாத அக்காலத்தில், அடுத்தடுத்த படங்களின் அளவும் மட்டமும் பொருந்தாவிடில் எழுத்து வரிகள் இணையா. இக்கல்வெட்டுகளை ஊல்சு பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891 இல்தான். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே அவை படத்தில் பதிவாகிவிட்டன.

பணி முடிவு

செலவு மிகுதி எனக் கருதிய ஆளுநர் சார்லசு திரெவெலியன் 1859 இல் இப்பணியை நிறுத்த ஆணையிட்டார். 1860 இல் ஒளிப்பட அலுவலகம் மூடப்பட்டது. அதன் பின்னர் திரைப் மிகக் குறைவாகவே படமெடுத்தார். டெவன்போர்ட்டிலேயே காலமானார்.