அல்சைமர் ஆய்வகத்தில் ஓர் அடிமையின் பேரன்

அல்சைமர் நோய் என்ற பெயரை அறியாத செய்தித்தாள் வாசகர் இன்று அரிது. ஆனால், அந்நோயை முதலில் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமரிடம் பயின்று, ஆங்கிலம் பேசும் உலகுக்கு அதனை விரிவாக எடுத்துரைத்த சாலமன் கார்ட்டர் ஃபுல்லரைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்காவின் முதல் கறுப்பின மனநல மருத்துவர் என்று மருத்துவ வரலாறு போற்றும் அவரது வாழ்க்கையைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் படிக்கும்போது, முதியோரின் நினைவாற்றலுக்கும் சமூக நீதிக்கும் உள்ள உறவே அதில் மேலோங்கித் தெரிகிறது.

ஃபுல்லர் 1872-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், மன்ரோவியா நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்து வாங்கி லைபீரியாவில் குடியேறியவர். பேரனோ கல்வியை நாடி 1889-இல் அதே அமெரிக்காவுக்குத் திரும்பினார். 1897-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோ மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அங்கு நோய்க்கூறு ஆய்வாளராக உயர்ந்தார்.

1904-இல் அவர் மியூனிக் சென்றார். எமில் கிரேப்பலின் தலைமையில் இயங்கிய அந்நகர மனநல மருத்துவமனையில், அல்சைமர் தம் ஆய்வகத்துக்குத் தேர்ந்தெடுத்த வெளிநாட்டு மருத்துவர் ஐவரில் ஃபுல்லரும் ஒருவர். நாடு திரும்பிய பின், இறந்த முதியோரின் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அவற்றில் காணப்பட்ட படிவுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1912-இல் இரு பகுதிகளாக வெளியான அவரது கட்டுரை, அதுவரை பதிவாகியிருந்த அல்சைமர் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துத் தந்தது. அல்சைமர் விவரித்த முதல் நோயாளியின் வரலாறு அதில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஒன்பதாவது நோயாளியைத் தாமே கண்டறிந்து ஃபுல்லர் அதில் சேர்த்தார். முதுமை மறதிக்கு இரத்தக் குழாய்கள் தடித்து இறுகுவதே காரணம் என்று பலர் நம்பிய காலத்தில் அதைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இத்தகைய அறிஞருக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்த அவருக்கு, வெள்ளையின ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. நரம்பியல் துறைத் தலைவரின் பணிகளை அவர் செய்தார்; பதவியின் பெயர் மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை. 1933-இல் அவருக்கு இளையவரான வெள்ளையினத்தவர் ஒருவர் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் உயர்த்தப்பட்டபோது, ஃபுல்லர் பணியைத் துறந்தார். எனினும் தொழிலைத் துறக்கவில்லை. டஸ்கீகியில் கறுப்பினப் படைவீரர்களுக்காகத் தொடங்கப்பட்ட மருத்துவமனைக்கு இளம் கறுப்பின மருத்துவர்களைப் பயிற்றுவித்து அனுப்பியவர் அவர். நீரிழிவால் பார்வையை இழந்த பின்னும் நோயாளிகளைக் கவனித்துவந்த அவர், 1953-இல் தம் எண்பதாவது வயதில் காலமானார். பாஸ்டனில் ஒரு மனநல மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆயினும், அவர் ஆராய்ந்த நோய் அவருடைய மக்களையே கூடுதலாக வாட்டுகிறது. அமெரிக்காவில் முதிய வெள்ளையினத்தவரோடு ஒப்பிட, முதிய கறுப்பினத்தவரிடம் மறதி நோய் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதாக அந்நாட்டின் அல்சைமர் சங்கம் கூறுகிறது. புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளிலோ அவர்களின் பங்கேற்பு மிகக் குறைவு. இந்த வேறுபாட்டைப் பிறப்பின் விதி என்று ஒதுக்கிவிட முடியாது. லான்செட் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கான 14 இடர்க் காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைக் களைந்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என மதிப்பிட்டது. குறைந்த கல்வி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கேட்கும் திறன் குறைதல், சிகிச்சை பெறாத பார்வைக் குறைபாடு, தனிமை, மாசடைந்த காற்று ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை வறுமையோடும் பாகுபாட்டோடும் பிணைந்தவை அல்லவா?

பொருளியலில் மனித மூலதனம் என்று ஒரு கருத்து உண்டு. மூளையின் நலமும் அத்தகைய மூலதனமே. பள்ளிப் பருவத்தில் தொடங்கும் அந்தச் சேமிப்பு நியாயமான ஊதியத்தாலும் உரிய காலத்துச் சிகிச்சையாலும் வளர்கிறது, முதுமையில் செலவாகிறது. சேமிக்கவே வாய்ப்பு மறுக்கப்பட்டவரிடம், அறுபது வயதுக்குமேல் குறுக்கெழுத்துப் புதிர் போடுங்கள் என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. பள்ளி சென்றவர்களை மனத்தில் கொண்டு அமைத்த நினைவாற்றல் தேர்வுகளால் எழுத்தறியாத முதியவரை அளப்பதும் முறையன்று.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு மிகுதி. ஆகவே, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டுப்படுத்தப்பட வேண்டும். காது, கண் பரிசோதனையும் செவித்துணைக் கருவியும் மூக்குக் கண்ணாடியும் ஏழை முதியோரின் வாசலுக்கு வர வேண்டும். நினைவாற்றல் பரிசோதனை அவரவர் மொழியில், அவரவர் வாழ்க்கைக்குப் பொருந்த அமைய வேண்டும்.

ஃபுல்லரின் பாட்டனாருக்கு விடுதலை என்பது விலைகொடுத்து வாங்க வேண்டிய பண்டமாக இருந்தது. முதுமையில் தெளிந்த நினைவும் அவ்வாறு வசதியுள்ளோர் மட்டுமே பெறும் பண்டமாகிவிடக் கூடாது.